கணக்குக் கேட்கும் அண்ணாச்சி

திருநெல்வேலிப் பகுதியின் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரங்களில், அதாவது ஒரே குருவானவரின் பொறுப்பில் அடங்கிய பல ஊர்ச் சபைகளின் தொகுதிகளில், மிஷனெரிக் கமிட்டி என்றொரு குழு இருப்பது வழக்கம். வடக்கே வேறு மொழி வழங்கும் மலைப்புறங்களில் ஊழியம் செய்யும் மிஷனெரி ஒருவரைத் ‘தாங்குவது’, அதாவது அவருக்குரிய மாதப்படியைச் சபையாரிடம் திரட்டித் தவறாமல் அனுப்பிவைப்பது, இக்குழுவின் கடமையாகும். ஜெபத்தில் தொடங்கி வடையில் முடியும் இதன் கூட்டங்களில் பல வகை உறுப்பினர்களைக் காணலாம் எனினும், ஆய்வுக்கு மிகவும் உகந்தவர் ‘கணக்கு அண்ணாச்சி’ எனப்படும் வகையினரே ஆவார்.

கணக்கு அண்ணாச்சி பெரும்பாலும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராகவோ தபால் அலுவலக ஊழியராகவோ இருப்பார். வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் வைக்கும் அதே துணிப்பையில் ரசீதுப் புத்தகம், ரப்பர் பட்டையிட்ட சீட்டுக்கட்டு, இரு நிற மைப்பேனா ஆகியவற்றையும் சுமந்து வருவதும், ஆரம்ப ஜெபத்திற்குக் கண்ணை மூடும்போதுகூட ஒரு கையைப் பையின் மேலேயே வைத்திருப்பதும் இவ்வகையினரை அடையாளம் காண உதவும் குறிகளாகும். செலவு ஒவ்வொன்றுக்கும் சான்றாகும் ‘வவுச்சர்’ என்னும் துண்டுச்சீட்டை இவர் மதிக்கும் அளவுக்கு மனிதரின் வாய்மொழியை மதிப்பதில்லை. “கர்த்தர் அறிவார் அண்ணாச்சி” என்று ஒருவர் சொன்னால், “கர்த்தருக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியாதுல்லா” என்பது இவருடைய மாறாத மறுமொழி.

இவருக்கு எதிர்முனையில் இருப்பவர்கள் இருவர். மிஷனெரியின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் குரல் தழுதழுத்து, காணிக்கைப் பை வரும் வேளையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவர் ஒருவர். பணித்தளத்தைச் சபையார் நேரில் காண வேண்டும் என்று ஆண்டுதோறும் தீர்மானம் கொண்டுவந்து, அப்பணித்தளம் எத்திசையில் இருந்தாலும் பயண வழியில் தாஜ்மகாலைச் சேர்த்துவிடுபவர் மற்றொருவர். இவ்விருவரும் பேசி முடிக்கும் வரை அண்ணாச்சி மௌனமாக இருந்து, பிறகு இதற்கெல்லாம் எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்று ஒரே கேள்வியில் கூட்டத்தை வடைக்கு அனுப்பிவிடுவார்.

அண்ணாச்சியின் இக்குணத்திற்கு வரலாற்று வேர் உண்டு. 1903-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டபோது, அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்தியரின் ஆளும் பொருளும் நிர்வாகமும் கொண்டே அது நடைபெற வேண்டும் என்பது அடிப்படைக் கொள்கையாயிற்று. வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா அதன் முதற் செயலாளராக இருந்து, 1909-இல் தாமே தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்திற்குச் சென்று, 1912-இல் அங்கேயே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இவ்வரலாற்றைப் பிறர் நூற்றாண்டு விழா மலர்களில் போற்றுவர். அண்ணாச்சியோ, உள்ளூர்ப் பொருளால் நடக்கும் ஊழியத்தில் உள்ளூர்க்காரன் கணக்குக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது என்ற ஒற்றை முடிவை மட்டும் அதிலிருந்து பெற்றுக்கொள்வார்.

அப்பொருள் வந்து சேரும் வழிகளை நோக்கினால் அவருடைய கவலை புரியும். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியைத் தனிப்பானையில் எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கும் ‘பிடி அரிசி’ ஒரு வழி. விளைச்சலின் முதற்பலனைப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் அக்காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது மற்றொரு வழி. ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பத்து மடங்குக்குப் போவதும், எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து மறுபடியும் ஏலம் போடச் சொல்வதும், ஒரே காய் மாலைக்குள் மூன்று வீட்டாரின் பெருமையாகிவிட்டு இறுதியில் குருவானவர் வீட்டுக் கூட்டுக்குப் போவதும் உண்டு. இந்த உற்சாகத்தில் யார் எவ்வளவு கேட்டார், அவர்களுள் யார் உண்மையிலேயே கொடுத்தார் என்பதைக் குறித்துவைத்திருக்கும் ஒரே மனிதர் அண்ணாச்சியே.

மிஷனெரி ஞாயிறு என்னும் சிறப்பு நாளில் அவருடைய பணி உச்சத்தை எட்டும். விடுமுறையில் வந்த மிஷனெரி காட்டாற்றையும் கரடியையும் பற்றி உருக்கமாகப் பேசியதும், மாதம் இவ்வளவு தருவதாகச் சபையார் சீட்டில் எழுதிக் கொடுப்பர். சீட்டில் எழுதும் தொகை ஆற்றின் ஆழத்திற்கும் கரடியின் அளவுக்கும் ஏற்ப ஏறும் என்பதும், மூன்றாம் மாதத்தில் கரடி மறந்துபோகும் என்பதும் அண்ணாச்சி அனுபவத்தால் கண்ட விதிகள். ஆதலால் அவர் சீட்டுக்கட்டுடன் தெருத்தெருவாகச் செல்வார். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிர் இலையில் இருப்பவரிடமும், ரசம் ஊற்றும் இடைவெளியில், ஆவணி மாதப் பாக்கியை நினைவூட்டுவார். இதனால் அவரைக் கண்டு சந்து மாறுவோர் ஊரில் பலர் என்றாலும், ஒன்றாம் தேதி மலைமேல் ஒரு வீட்டில் அடுப்பு எரிவது அவர் இவ்வாறு வெறுப்பைச் சம்பாதிப்பதால்தான்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், அயல்நாட்டு ஊழியர் இந்தியருக்கு எல்லாம் கொடுத்தும் நட்பைக் கொடுக்கவில்லை என அசரியா முறையிட்டது புகழ்பெற்ற செய்தி. கமிட்டியில் இதனை அடிக்கடி எடுத்துச் சொல்பவர் கண்ணீர்க்காரரே ஆவார்; அண்ணாச்சிக்கு அதற்கு நேரமில்லை. எனினும் நட்பு என்பது எவ்வுருவில் வரும் என்பதை விளக்க ஒரு குடையின் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

மிஷனெரி அனுப்பிய செலவுப் பட்டியலில் ‘குடை ஒன்று’ என்றிருக்க, சென்ற ஆண்டுப் பட்டியலிலும் ஒரு குடை இருப்பதைக் கண்டுபிடித்த அண்ணாச்சி, ஓராண்டில் குடை தேய்வது எங்ஙனம் என விளக்கம் கேட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கமிட்டியார் வெட்கப்பட்டு நெளிகின்றனர். பழைய குடை ஓடைக்கு அப்பாலுள்ள பள்ளியில் இவ்வாண்டு சேர்ந்த மகளோடு போகிறது என்றும், புதியது தமக்கு என்றும் பதில் வருகிறது. மிஷனெரிக்காக வாரந்தோறும் ஜெபித்துவந்த கமிட்டிக்கு, அவருக்குப் பள்ளி செல்லும் வயதில் ஒரு மகள் இருப்பது அன்றுதான் தெரியவருகிறது. அண்ணாச்சி கடிதத்தை இருமுறை படித்து, “அப்பம் அவரு வீட்டம்மா நனைஞ்சுக்கிட்டா போகுது?” என்று கேட்டு, சிவப்பு மையால் ‘ஒன்று’ என்பதை அடித்து ‘இரண்டு’ என்று திருத்திக் கையொப்பமிடுகிறார்; இரண்டாவது குடைக்கும் வவுச்சர் வர வேண்டும் என்று அடியில் குறித்துவிட்டே பேனாவை மூடுகிறார்.