மூணு நாள் மருந்து மீனுக்கு ஆகாது பேராண்டி

வாடா பேராண்டி. தொட்டி மீனுக்கு உடம்புக்கு முடியலைன்னு ராத்திரி பத்து மணிக்குப் போன் போடுற. உன் அப்பத்தா மூட்டுவலியில கெடக்கா, அதை விசாரிக்க ஒரு போன் வரலை. போகட்டும். மீனுக்கு வாயில்லை, அவளுக்கு இருக்கு. தெருவுக்கே அவளே சொல்லிக்குவா.

நீ அனுப்புன படத்தைக் கண்ணாடி போட்டுப் பாத்தேன். வாலு, செதிலு, மூஞ்சி எல்லாம் உப்பைத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி. அப்பத்தா எட்டிப் பாத்துட்டு, "அம்மை போட்டிருக்கு, வேப்பிலை கட்டச் சொல்லுங்க"ன்னா. தாராளமா கட்டு. தொட்டிக்கு வெளியில கட்டு. மஞ்சப்பொடியையும் அடுப்படியிலயே விட்டுரு.

இது அம்மையில்லடா. ஒரு ஒட்டுண்ணி, ஒத்தை செல்லு உசுரு. 1876-லயே ஃபூக்கேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதை ஆராய்ஞ்சு, இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ்னு நாக்கு சுளுக்குற பேரு வச்சுட்டுப் போயிட்டாரு. கடைக்காரங்க அதை இக்னு வெட்டிட்டாங்க, பாதிப் பேரு வொயிட் ஸ்பாட்டும்பாங்க. இது இன்னைக்கு வந்ததும் இல்லை. போன வாரம் உன் மோலி கல்லுல போய் உரசி உரசித் திரும்புச்சே, "எங்க வீட்டு மீன் டான்ஸ் ஆடுது"ன்னு பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சியே, அன்னைக்கே வந்துருச்சு. அது ஆடலை, அரிப்புத் தாங்காம சொறிஞ்சிருக்கு. முதல்ல செவுளுக்குள்ள பூந்திருந்தா வெளியில ஒரு புள்ளிகூடத் தெரியாது. மீன் மேல வந்து வாயைப் பொளக்கும், நீ பசிக்குதுன்னு இன்னும் நாலு உருண்டை தீனி போடுவ.

அந்தப் புள்ளிக்குள்ள இருக்கிறவன் மீனோட தோலுக்கடியில படுத்துத் தின்னுக்கிட்டு இருக்கான். அங்க உன் மருந்து அவனை ஒண்ணும் செய்யாது. கொழுத்ததும் தோலைப் பிச்சுக்கிட்டு எறங்கி, அடியில கல்லுலயோ செடியிலயோ ஒட்டிக்கிட்டு, மேல ஒரு உறையைப் போத்திக்கிட்டு உள்ளயே பெருகுவான். ஒருத்தன் பல நூறாவான், ஆயிரம்கூட ஆவான். அத்தனை குஞ்சும் வெளிய வந்து மீனைத் தேடி நீந்தும். ரெண்டு நாளுக்குள்ள மீன் மாட்டலைன்னா அநேகமா செத்துப்போகும். உப்போ மருந்தோ, எது போட்டாலும் அடி விழுறது அந்த நீந்துற நேரத்துல மட்டுந்தான்.

இப்ப நீ செஞ்ச காரியத்துக்கு வர்றேன். விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு யாரோ சொன்னதைப் புடிச்சுக்கிட்டு, மூணாம் நாளு புள்ளி காணோம்னதும் மருந்தை நிறுத்திட்டே. "குணமாயிருச்சு தாத்தா"ன்னு எனக்குப் போன் வேற. அடேய், அவன் குணமாகிப் போகலை, பிரசவத்துக்குக் கீழ எறங்கியிருக்கான். அடுத்த வாரம் புள்ளகுட்டியோட மறுபடி ஏறிட்டான். தண்ணி 25 டிகிரியில இருந்தா ஒரு சுத்து முடிய ஏறக்குறைய ஒரு வாரம். குளுந்த தண்ணியில வாரக்கணக்குல இழுக்கும். அதனால கடைசிப் புள்ளி மறைஞ்ச பெறகும் ஒரு வாரம் விடாம செய். பழமொழி உனக்கும் எனக்கும் சொன்னதுடா, மீனுக்குச் சொன்னதில்லை.

மருந்துக்கு முன்னாடி கணக்கு. "ரெண்டடித் தொட்டி தாத்தா"ங்கற. எத்தனை லிட்டர்னு கேட்டா முழிக்கிற. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உசரம்னா ரெண்டு கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக 56. அடியில கல்லு, மேல காலி இடம் கழிச்சா 45 தேறும். லிட்டருக்கு 2 கிராம்னு வச்சா 90 கிராம் கல்லுப்பு. கைப்பிடி அளவு உன் பொண்டாட்டி சாம்பாருக்குச் சரி, இங்க தராசு வேணும். அதையும் ஒரே நேரத்துல கொட்டாத. வேற பாத்திரத்துல கரைச்சு, மூணு பங்காக்கி, ஒரு நாள் பூரா பிரிச்சு ஊத்து. தண்ணி ஆவியாகிக் குறைஞ்சா வெறுந்தண்ணி ஊத்து, ஏன்னா உப்பு ஆவியாகாது. நீயா தண்ணி எடுத்து மாத்துனா, எடுத்த அளவுக்கு மட்டும் உப்புச் சேரு. இது புரியாதவன் வீட்டுத் தொட்டி பத்து நாள்ல தூத்துக்குடி உப்பளம் ஆயிரும். மோலி உப்புக்குச் சந்தோஷப்படும். செதிலில்லாத லோச், அடியில மேயுற கோரி மாதிரி ஆளுங்களுக்குப் பாதி அளவுக்கு மேல போகாத. செடி சில சமயம் அழுகும். செடியா மீனான்னு நீயே முடிவு பண்ணிக்க.

சூடும் ஒரு மருந்து. தண்ணியை 30 டிகிரிக்கு மெதுவா ஏத்துனா இவனோட ஆட்டம் அநேகமா அடங்கிரும். சூடான தண்ணியில பிராணவாயு குறையும், அதனால காத்து மோட்டாரைக் கூடுதலா ஓட விடு. சித்திரை வைகாசியில மெட்ராஸ்ல தண்ணி தானாவே அந்தச் சூட்டுக்கு வந்துரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலதான் இந்த நோவு தலைதூக்கும். நீ பெரிய ஆளாச்சே, உனக்கு மழைக்காலம் எதுக்கு? ராத்திரி பூரா ஏசியைப் போட்டு, பகல்ல அணைச்சு, தெனமும் ஒரு மார்கழி, ஒரு சித்திரை காட்டுறியே.

கடையில பச்சை மருந்து, நீல மருந்துன்னு பாட்டில் தருவாங்க. பச்சையில இருக்கிற மலாக்கைட் கிரீன் நல்லாவே கேக்கும். ஆனா திங்கிற மீனுக்குப் பல நாட்டுல தடை பண்ணுன சரக்கு, கையுறை போட்டு எடு. நீலம் ஃபில்டர்ல குடியிருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேத்துக் கொன்னுரும். எதைப் போட்டாலும் ஃபில்டர்ல இருக்கிற கரியை முதல்ல வெளிய எடு. நீ மேல மருந்து ஊத்த, அது கீழ உறிஞ்ச, நடுவுல லாபம் மருந்துக்கடைக்காரனுக்கு. காய்ச்சலுக்கு வாங்குன கேப்ஸ்யூலைப் பிரிச்சு நீ தூவுனதா அப்பத்தாகிட்டச் சொன்னியாமே. அது பாக்டீரியாவுக்கான மருந்துடா, இவன் அந்தச் சாதியே இல்லை.

இன்னொண்ணு. தங்கமீன் செவுள் மூடியில, பக்கத் துடுப்பு ஓரத்துல மட்டும் வரிசையா வெள்ளை மணி தெரிஞ்சா மருந்துப் பாட்டிலைத் தூக்காத. அது ஆண்மீனுக்கு இனப்பெருக்கக் காலத்துல வர்ற பரு. அவன் மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கிறான், நீ ஆஸ்பத்திரிக்கு இழுக்குற.

மீன் மேல நூலாட்டம் ஒண்ணு தொங்கி, நுனியில ரெண்டு வாலாப் பிரிஞ்சிருந்தா அது நங்கூரப் புழு. பேருதான் புழு, சாதியில இறால் வகையறா. தட்டையா, வட்டமா, கண்ணாடிக் கணக்கா ஒட்டி ஓடுறது மீன் பேன், அதுவும் அதே வகையறாதான். ரெண்டையும் சின்ன இடுக்கியால அடியோட புடிச்சு மெதுவா உருவலாம். ஆனா குஞ்சும் முட்டையும் தொட்டியிலயே இருக்கும், அதனால அதுக்குன்னு இருக்கிற மருந்தை விட்டு விட்டுத் திரும்பவும் போடணும். அந்த மருந்து நீ ஆசையா வளக்குற செர்ரி இறாலையும் சேத்து முடிச்சிரும், முன்னாடியே வேற எடத்துக்கு மாத்திரு. கப்பியோட பின்பக்கம் செவப்பா இழை எட்டிப் பாத்தா அது குடல்புழு. வெளிய உப்புப் போட்டு உள்ள இருக்கிறவனை ஒண்ணும் புடுங்க முடியாது. லெவாமிசோல் மாதிரி பூச்சி மருந்துதான் வேணும், விவரம் தெரிஞ்ச கால்நடை டாக்டர்கிட்டக் கேளு.

சரி, இவ்வளவும் எப்படிடா உள்ள வந்துச்சு? காத்துலயா வந்துச்சு? நீதான் கவர்ல கட்டித் தூக்கிட்டு வந்த. வீட்டுக்கு வர்ற மாமனாரை வாசல்ல நிறுத்திக் கால் கழுவச் சொல்ற ஆளு, கொளத்தூர்க் கடையில வாங்குன மீனைக் கடைத்தண்ணியோட சேத்து அப்படியே தொட்டியில கவுத்துட்ட. பழைய மீனு முன்னாடி ஒருதடவை பட்டுத் தேறியிருந்தா ஓரளவு தாங்கும், வெளிய ஒண்ணும் காட்டாது. பழகாத மீனு விழும். நீ அதிர்ஷ்டமில்லாத மீன்னு சொல்லி மறுபடி கடைக்குப் போவ. கடைக்காரன் உன்னைப் பாத்ததும் ஸ்டூலைத் தொடைச்சுப் போடுறானே, ஏன்னு நெனைச்ச?

சாக்கடையில அள்ளுற உசுருப் புழுவைத் தீனியாப் போடுறதையும் நிறுத்து. வலை ஒரு தொட்டிக்கு ஒண்ணு.

இந்த ஞாயித்துக்கிழமை கொளத்தூர் போனா, 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒண்ணும், ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரும், தனி வலையும் வாங்கிட்டு வா. புது மீனு மூணு நாலு வாரம் அதுல தனியா இருக்கட்டும், கவர்த் தண்ணியைச் சாக்கடையில ஊத்து. மீனை அடுத்த ஞாயிறு வாங்கிக்கலாம். இப்ப போனை வைக்காத, அப்பத்தாகிட்டத் தர்றேன், மூட்டுவலி எப்படியிருக்குன்னு கேளு.