மதுரையில் எடுத்த சிங்களப் படம்

கேள்வி: முதல் சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி தமிழ்ப் பெண் என்கிறார்களே, மெய்தானா?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! அயல்வீட்டுச் செட்டிக் குடும்பத்தாரிடம் கேட்டால் பெருமையோடு சொல்லியிருப்பார்கள். அந்தக் கதாநாயகி ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்புச் செட்டி சமூகத்துக் கிறிஸ்தவர். 1923இல் றம்பொடையில் பிறந்தவர். சிறுவயதிலேயே சிங்கள மேடை ஏறிவிட்டார். 1939இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு புத்தகயாவைப் போற்றும் பாட்டு. கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பெயர், பௌத்தப் பாட்டு! இன்று நல்லிணக்கத்துக்கென்று அமைச்சு வைத்து, மாநாடு கூட்டி, மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். அவர் ஒரே இசைத்தட்டில் முடித்துவிட்டார்.

1947 ஜனவரியில் அந்த முதல் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' வெளியானது. நீர்கொழும்பு பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா குழு மேடையில் போட்ட நாடகம்தான் படமானது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், தமிழர். படமாக்கியது மதுரைப் பக்கம், அவருடைய சித்ரகலா ஸ்டூடியோவில். மீனாட்சியம்மன் காலடியில் பிறந்த சிங்கள சினிமா என்று சொன்னால் இரு பக்கத்திலும் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

கதாநாயகி கைப்பிடித்தது யாரை? குழுவின் சிரிப்பு நடிகர் எடி ஜயமான்னவை. முகவெட்டு இல்லையே என்று கவலைப்படும் இளைஞர்கள் கவனிக்க.

படங்கள் குறைந்த பிறகும் மேடையில் பாடுவதை அவர் விடவில்லை. 1978 ஒக்டோபரில் துடெல்லயில் வாகன விபத்தில் இறந்தபோதும், ஒரு இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.