இவருக்குப் பதில் இவர்

பெறுநர்: பிபிசி நாடகப் பிரிவின் மேலிடம், போர்ட்லண்ட் பிளேஸ், லண்டன்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

ஈஸ்ட்ஹாமிலிருந்து எழுதுகிறேன். உங்கள் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நாடகத்து வோல்ஃபர்ட் ஈஸ்ட் ஸ்டேஷன், டிஸ்ட்ரிக்ட் லைனில் புரோம்லி-பை-போ இருக்கிற இடத்தில் இருப்பதாகக் கதை. எங்களுக்கு நாலாவது ஸ்டேஷன். அயலட்டை என்ற உரிமையில் இந்தக் கடிதம். 2025இல் ரீவி லைசென்ஸுக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் கட்டிய உரிமை தனி.

2025இல் கிறிஸ் கிளென்ஷோ போய் பென் வேடி நிர்வாகத் தயாரிப்பாளராக வந்ததைப் பத்திரிகைகளுக்கு அறிவித்தீர்கள். எங்கள் வீட்டுக்கு அறிவிக்கவில்லை. என் மாமிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் நாடகத்து அல்பர்ட் ஸ்குவேரில் எந்தப் பிள்ளைக்கு யார் தகப்பன் என்பதில் உங்கள் கதை இலாகாவை விடத் தெளிவு. கடைசியில் அந்த மேளம் 'டும் டும்' என்று விழுந்து பெயர்கள் ஓடும்போது, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிர்வாகத் தயாரிப்பாளர் பெயரின் நீளத்தை மட்டும் பார்ப்பார்.

"பேர் கட்டையாப் போச்சுது. ஆரோ சாகப் போகினம்."

சிரிக்காதீர்கள். டொமினிக் ட்ரெட்வெல்-கொலின்ஸ் என்று திரைக்கு அகலமாய் ஓடிய பெயர் 2016இல் போய், ஷோன் ஓ'கொனர் என்று சுருங்கியது. 2017 புதுவருடத்தன்று அக்கா தங்கை ரொனியும் ரொக்ஸியும் நீச்சல் குளத்தில் மிதந்தார்கள், ஒருத்தி கல்யாண உடுப்போடு. சில வருடம் கழித்து ஜோன் சென் வந்தார். அதைவிடக் கட்டையான பெயரை மாமி கண்டதில்லை. தேம்ஸில் படகு கவிழ்ந்தது. அதோடு நிற்காமல் கொரோனா வந்து, 2020 ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நாடகமே நின்றது. சீன ஆய்வுகூடம், வௌவால் என்று உலகம் தேடியதெல்லாம் வீண் வேலை என்பது மாமியின் முடிவு.

உங்கள் ரசிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 கடைசி நாளில், தயாரிப்பாளர் பிரயன் கேர்க்வுட் காலத்தில், ரொனியின் பச்சைக்குழந்தை இறந்து, அவள் அதைக் கற் என்பவளின் குழந்தையோடு மாற்றி வைத்தாள். ஆயிரக்கணக்கில் முறைப்பாடு வந்தது. நீங்களும் கதையைச் சுருக்கினீர்கள். அன்றைக்குத் 'தூ' என்று துப்பிய அதே சனம், ஆறு வருடம் கழித்து ரொனி மூழ்கியதும் 'ஐயோ எங்கட பிள்ளை' என்று ஒப்பாரி வைத்தது. தயாரிப்பாளர்களுக்கும் இதே விதிதான். இருக்கும்வரை நாடகத்தைக் கொன்றவர். போன மறுநாள் 'அவற்ற காலத்தில எப்பிடி இருந்தது' என்று பெருமூச்சு. எங்கள் கோயில் நிர்வாகசபைத் தலைவர்களைத் தவிர வேறு எவருக்கும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

ஷோன் ஓ'கொனருக்காக ஒரு வார்த்தை. அவர் காலத்துக் குப்பைத்தொட்டிக் கதையை எல்லோரும் அலுப்பென்று நக்கலடித்தார்கள். ஒரு வருடத்தில் அவரும் போனார், ஜோன் யோர்க் திரும்பி வந்தார். ஐயா, இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரே கதை அதுதான்! எங்கள் தெருவில் யாரும் யாரையும் கால்வாய்க்கரையில் சுடுவதில்லை. ஆனால் பச்சை மூடியா, செம்மஞ்சள் மூடியா, இந்தக் கிழமை எது என்று படுக்கையை விட்டெழும்பி, சாரத்தோடு வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டு வங்காளிக் கிழவரின் தொட்டியைப் பார்த்து முடிவு செய்கிறோம். அவரும் எங்கள் தொட்டியைப் பார்த்துத்தான் வைக்கிறார் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அதை விட்டுவிட்டுப் பிணத்தை எழுப்புகிறீர்கள்.

பிணம் என்றதும் நினைவு வருகிறது. 1989இல் சுடப்பட்ட டென் 2003இல் வந்தான். 2005இல் மறுபடி கொன்று குவீன் விக் பப்பின் நிலவறையில் புதைத்தீர்கள். 2006இல் தென்னாபிரிக்காவில் கார் விபத்தில் போன கேத்தி, 2015இல் வந்தாள். 1998இல் சிறையில் பிள்ளை பெற்றுச் செத்த சின்டி, 2023இல் வந்தாள். மாமி மூன்று பேருக்கும் துக்கம் காத்தவர். "எட்டும் முடிஞ்சு அந்தியேட்டியும் முடிஞ்ச ஆளை எப்பிடித் திரும்பக் கூப்பிடுறது?" என்று கேட்கிறார். உங்கள் சமய ஆலோசகரிடம் விசாரித்துச் சொல்லவும்.

ஆனால் தயவுசெய்து, புதுத் தயாரிப்பாளர் உற்சாகத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் குடியேற்றிவிட வேண்டாம். 2003இல் ஃபெரேரா குடும்பத்தைக் கொண்டுவந்தது நினைவிருக்கும். பரம்பரைப் பெயர் கோவாப் போர்த்துக்கீசு, பிள்ளைகள் ஆதி, கரீனா. போதாக்குறைக்கு ஒரு தாரிக். தகப்பனாய் நடித்த தலிப் தாஹிலுக்கு வேலை விசாவில் சிக்கல் வர, அப்பாவே ஒரு நாள் காணாமல் போனார். விசாவால் கதையை விட்டுப் போவது ஒன்றுதான் அதில் அசல் லண்டன்.

கோரிக்கை சின்னது. சன் ரீவி நாடகத்தில் நேற்றுவரை ஒரு முகமாயிருந்த மருமகள் இன்று வேறு முகத்தோடு காப்பி கொண்டு வருவாள். திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், மாமியார் கோப்பையை வாங்கிக்கொள்வார், நாங்களும் வாங்கிக்கொள்வோம். தயாரிப்பாளர் மாறும்போதும் அந்த வரியைப் போடுங்கள். கிளென்ஷோ படம், அம்புக்குறி, வேடி படம். சாவு வரப்போகிறது என்று தயாராகச் சனத்துக்கு ஒரு கிழமை கிடைக்கும்.

இப்படிக்கு,
நாலாவது ஸ்டேஷன்காரன்

பி.கு.: அடுத்த முறை ஆள் தேடும்போது எங்கள் ஆள் ஒருவரை வைக்கலாம் என்பது மாமியின் யோசனை. தகப்பன் பெயரையும் சேர்த்தால் அந்த நீளத்துக்கு ஸ்குவேரில் ஒரு பூனைகூடச் சாகாதாம். ஒரே தடங்கல், அடுத்த நிகழ்ச்சியைக் காட்டுவதற்காகப் பெயர்களை மூலையில் ஒதுக்குகிறீர்களே, அந்த இடத்துக்குள் முதல் பாதிதான் வரும்.