மார்கழிக் குல்லாயும் குல்மார்க் கனவும்

கோடையில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிற வேலூரில், மார்கழி வந்து அமிர்திப் பக்கம் லேசாக மூடுபனி இறங்கினாலே ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லாய் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தக் குல்லாய்க்காரர்களுக்குத்தான் இப்போது பனிச்சறுக்கு ஆசை.

எங்கே போவது? உத்தராகண்டின் அவுலி என்பார் சித்தப்பா. ஜோஷிமட்டிலிருந்து ரோப் கார் இருக்கிறதாம். 2023 ஜனவரியில் ஜோஷிமட் வீடுகள் விரிசல் விட்டபோது அதையும் நிறுத்திவிட்டார்கள் என்று யாராவது எடுத்துக்கொடுக்க, பேச்சு காஷ்மீரின் குல்மார்க்குக்குத் தாவும். அங்கே கோண்டோலா என்கிற ரோப் கார் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். பனி மட்டும் அவரவர் ஜாதகம். 2024 ஜனவரியில் அந்தச் சரிவுகள் காய்ந்த புல்லாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பனியில்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஓட்டலுக்கு அட்வான்ஸ் கட்டியவர் எங்கே தள்ளுவது?

பூட்ஸ் விஷயத்தில் ஆம்பூர் மாமா தனி ரகம். "நம்ம ஊர்லயே தைச்சுக்கலாம்!" 1960கள் வரை சரி, அதுவரை பனிச்சறுக்கு பூட்ஸ் தோல்தான். பிறகு பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஐரோப்பாவுக்கே ஷூ அனுப்புகிற ஊர்க்காரர் குல்மார்க்கில் வாடகைப் பிளாஸ்டிக்கில் காலைத் திணித்துவிட்டு, பழக்கதோஷத்தில் குனிந்து தையலைத் தேடுவார்.

போய்ச் சேர, காட்பாடியில் வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ். கட்ராவில் இறங்கினால் 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கு வந்தே பாரத். புளியோதரை அத்தனை நாள் தாங்காது என்று பாட்டி சொன்னதும், சித்தப்பா சென்னை ஈ.சி.ஆர். வி.ஜி.பி. ஸ்நோ கிங்டமில் டிக்கெட் விலை பார்க்கிறார்.