மேலே எரியும் அடுப்பு

நம் வீட்டு அடுப்புகளுக்கெல்லாம் ஒரே கொள்கைதான்: தீ கீழே, சட்டி மேலே. விறகு போய் மண்ணெண்ணெய் வந்தது, மண்ணெண்ணெய் போய் காஸ் வந்தது. கொள்கை மட்டும் மாறவே இல்லை. தோசையை ஏன் திருப்பிப் போடுகிறோம்? மேலே தீ கிடையாது. பணியாரத்தைக் கம்பியால் குத்திப் புரட்டுவதும் அதனால்தான். தீ இருந்த இடத்தில் இருக்கும். புரள வேண்டியது பண்டத்தின் பொறுப்பு.

இந்தக் கொள்கையில் ஊறிய ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு ஒன்றுக்கு, பெங்களூரில் இருக்கும் மகள் ஓர் ஓ.டி.ஜி. அடுப்பை, அதாவது மின்சார ஓவனை, அனுப்பி வைத்தாள். முன்பக்கம் மூன்று திருகுகள். ஒன்று எவ்வளவு சூடு, ஒன்று எவ்வளவு நேரம். நடுவில் இருப்பதுதான் வில்லங்கம்: சூடு எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று அது கேட்கிறது. இதுவரை எந்த அடுப்பும் எங்களிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் சமைப்பது மனைவி, மேற்பார்வை அத்தை. எனக்குள்ள ஒரே அதிகாரம், அச்சடித்து வந்த எதையும் உரக்க வாசிப்பது. அந்த வகையில் ஓவனோடு வந்த சிறு புத்தகத்துக்கு நான்தான் உரையாசிரியர்.

புத்தகத்தைத் திறக்குமுன் பிளக்கில் தகராறு வந்தது. 2000 வாட் ஓவன், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்ப்ஸ் இழுக்கும். மிக்ஸி மாட்டுகிற 6 ஆம்ப்ஸ் சின்ன பிளக் அதைத் தாங்காது. 16 ஆம்ப்ஸ் பெரிய பிளக் வேண்டும். எங்கள் வீட்டில் அது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே கேக் வேகும் நாளில் துணி துவைப்பதில்லை. பின்கட்டில் கண்ணாடிக் கதவும் உள்ளே வெளிச்சமுமாக இருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டு மதினி அதைத் துணி காய வைக்கிற மெஷின் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்த வழக்கு, ‘பிரீஹீட்’. பண்டத்தை வைக்குமுன் பத்து நிமிடம் அடுப்பைக் காலியாக எரிய விட வேண்டும் என்று வாசித்தேன்.

“சும்மா எரிய விடவா? இ.பி. ஆபீசுல இருக்கிறவங்க நம்ம சொந்தக்காரங்களாய்யா?” என்றார் அத்தை.

முழு வேகத்தில் எரிந்தால் அரை மணிக்கு ஒரு யூனிட்தான் என்று கணக்குச் சொன்னேன். எடுபடவில்லை. என் மனைவிதான் வழக்கை முடித்தாள்: “தோசைக்கல்ல காயவிட்டு, தண்ணி தெளிச்சு, ‘சுர்’ருனு சத்தம் வந்தப்புறம்தானே அத்தை மாவு ஊத்துறோம்?” அத்தை பேசாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு நடுத்திருகின் படங்களுக்கு வந்தோம். முதல் படம், கட்டத்தின் அடியில் ஒற்றைக் கோடு. அடிக்கம்பி மட்டும் சூடாகும். அத்தைக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை, பழைய கொள்கைதானே. பீட்சாவின் அடிப்பாகம் மொறுமொறுவென்று வர இது உதவும். கேக்கின் தலை அவசரப்பட்டுச் சிவந்து, நடு மட்டும் ஈரமாக நிற்கிறதா? மேல்கம்பியை அணைத்துவிட்டு இதற்கு மாற்றலாம்.

இரண்டாவது படம், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டு கம்பியும் எரியும். கேக், பன், ரொட்டி எல்லாம் இந்தக் கணக்கில்தான். தட்டை நடுத்தட்டில் வைக்க வேண்டும். மேலே தள்ளினால் தலை கருகும், கீழே தள்ளினால் அடி தீயும். “மேலேயும் தீயா?” என்று அத்தை வாயைப் பிளந்தார். கல்யாண வீட்டு பிரியாணி மாஸ்டர் தம் போடும்போது அண்டா மூடி மேல் கங்கு அள்ளிப் போடுகிறாரே, அதற்குப் பெயர் என்னவாம்? அவருக்குத் திருகும் கிடையாது, புத்தகமும் கிடையாது. மேல் சூடு அதிகமானால் கரண்டியால் இரண்டு கங்கைத் தள்ளிவிடுவார்.

மூன்றாவது, மேலே வளைந்து வளைந்து ஒரு கோடு. இது கிரில். மேல்கம்பி செக்கச்செவேலென்று நின்று, நேருக்கு நேர் பண்டத்தின் தோலைச் சுடும். இதற்குத் தடிமனான சமாச்சாரம் ஆகாது. ராஜபாளையத்து மச்சினன் ஒருநாள் முழுக் கோழித்தொடைகளைக் கொண்டுவந்து, பத்து கிலோமீட்டருக்கு மேல் பயணம் வந்த களைப்பில், நேராக கிரில்லில் ஏற்றினார். வெளியே கரி, உள்ளே கோழிக்கு விஷயமே தெரியாது. அதை அவர் வீட்டு நாய்க்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். ராஜபாளையம் நாய்க்கு ரோஷம் அதிகம். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம்.

கிரில்லுக்கு ஏற்றவை பனீர்த் துண்டு, மெல்லிய மீன் துண்டு, ஏற்கெனவே வெந்து, நிறம் மட்டும் பாக்கியிருக்கிற பண்டம். அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து சிவக்கிற கதையை 1912-ல் எழுதியவர் லூயி காமில் மையார். அந்தச் சிவப்பு 140 டிகிரியை ஒட்டித்தான் சுறுசுறுப்பாக வரும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டாது. தயிர் மசாலா சொட்டச் சொட்டப் பனீரை வைத்துவிட்டு ‘சிவக்கவே இல்லையே’ என்று ஓவனைத் திட்டுவதில் பயனில்லை, வழித்துவிட்டு வையுங்கள்.

நான்காவது, விசிறிப் படம். சூட்டோடு காற்றும் சுழலும். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க ஆடிக்காற்று போதும்: மொட்டைமாடியில் ஈரத்துணி அந்த மாதம் காய்கிற வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பண்டத்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் ஈரக்காற்றை விசிறி கலைத்துவிடுவதால் சூடு வேகமாக இறங்கும். அதனால், 180 டிகிரி என்று எழுதியிருந்தால் விசிறியோடு 160 போதும். இரண்டு தட்டு பிஸ்கட்டை ஒரே நேரத்தில் வைக்க, காய்கறி சுட, ரஸ்க் காய இதுவே சரி. கேக்குக்கு வேண்டாம், உப்பி முடிக்குமுன் மேல்தோல் இறுகி, பிளந்துகொள்ளும். இதையெல்லாம் விட்டுவிட்டு, சூட்டை அதிகமாக்கினால் சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைப்பவர்கள் தூத்துக்குடி மக்ரூனை யோசித்துப் பார்க்க வேண்டும். முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி மூன்றும் மெல்லிய சூட்டில் நிதானமாக உலர்ந்தால்தான் அது வாயில் கரையும்.

வேகும்போது நடுவில் கம்பியின் சிவப்பு அணைந்துவிடும். “கரண்ட் போயிருச்சு” என்று அத்தை குரல் கொடுப்பார். கரண்ட் எங்கும் போகவில்லை. கேட்ட சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் கம்பியை அணைக்கும், சூடு இறங்கினால் மறுபடி ஏற்றும். நடப்பதைப் பார்க்கக் கதவைத் திறந்தால் இருக்கிற சூடும் போய்விடும். கண்ணாடி வைத்திருப்பது எதற்கு?

பெட்டிக்குள் கோழியைக் குத்திச் சுழற்ற ஒரு நீளக் கம்பியும் இருந்தது. இப்போது பரண் மேலிருக்கும் பைகளைக் கீழே இழுக்கப் பயன்படுகிறது. ஓவனோடு வந்ததிலேயே தினமும் உழைப்பது அதுதான்.

எல்லாப் படத்தையும் விளக்கி முடித்ததும் அத்தை திருகைக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏய்யா, எல்லாம் சரி. இதுல கிண்டுறது எங்க இருக்கு?”

கேள்வி நியாயமானது. எங்கள் ஊர் அறிந்த உயர்ந்த சமையல் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு மேல்தீ, விசிறி எதுவும் வேண்டாம். கீழே விறகுத் தீ, மேலே இரும்புச் சட்டி, நடுவில் ஓய்வில்லாத ஒரு கை. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதை விரட்டும்வரை துடுப்பு நிற்கக் கூடாது, நின்றால் அடிபிடிக்கும். தீயை நகர்த்துவது ஓவனின் வித்தை. பாலை நகர்த்துவது பால்கோவா மாஸ்டரின் வித்தை. சும்மா உட்கார்ந்தே வேகிற கேக்குக்கு முதல் வித்தை போதும். பாலுக்குப் போதாது.

இது தெரியாமல் மகளின் சிநேகிதிகள் பெங்களூரிலிருந்து போனில் கேட்கிறார்கள்: “அங்கிள், ஓவனில் பால்கோவா செய்ய எந்த மோடு?” செருப்பு மோடு, அம்மா. மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தால் வரிசையாகக் கடை. பிரீஹீட்டும் தேவையில்லை.