முட்டைக்குக் கிடைத்த மரியாதை

1930களில் சிட்ரோயன் கம்பெனியை நடத்திய பியர் பூலான்ஷே, எஞ்சினியர்களைக் கூப்பிட்டு ஒரு கார் கேட்டார். இரண்டு விவசாயிகள் ஏற வேண்டும், 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற வேண்டும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. விவசாயிகளின் இடுப்பைவிட முட்டைக்குத்தான் மரியாதை. இப்படிப் பிறந்த 2சிவி வெளியே தலைகாட்ட 1948 ஆயிற்று. நடுவில் ஹிட்லர் வந்துவிட்டார்.

பெட்ரோல் ஜெர்மானியருக்குப் போனது. பல பிரெஞ்சுக் குடும்பங்களிடம் மிஞ்சியது 1934இல் வந்த சிட்ரோயன் கார் டிராக்‌ஷன் அவான். முன்சக்கர இழுவை, பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கும் எஃகுக் கம்பி, தரையோடு தாழ்ந்த ஒயில். அந்த அழகியின் உடம்பில் ஒரு பாய்லரைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கரியைக் கொட்டி, பற்றவைத்து, போதிய காற்று விடாமல் புழுங்கவைத்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதைக் குடித்து எஞ்சின் ஓடும். ஷெட்டுக்குள் பற்றவைத்தவர் ஊருக்குப் போகாமல் நேரே மேலே போகலாம். மேடு வந்தால் மாமனார் உட்பட எல்லாரும் இறங்கவேண்டியதுதான். அதே போர்க்காலத்தில் நம்மூரில் கரி பஸ் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்ட அவமானத்துக்கெல்லாம் சேர்த்து 1955 பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயனின் டிஎஸ் வந்தது. முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் புக் செய்தார்கள். பொறியியல் பட்டமே இல்லாத பால் மாஜே என்பவர், ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுச் சக்கரத்துக்கு ஒரு உருண்டை வைத்தார்: மேலே நைட்ரஜன், கீழே எண்ணெய், நடுவில் ரப்பர் சவ்வு. நிறுத்திவைத்தால் மெல்லப் படுத்துவிடும்; எஞ்சினைப் போட்டால் கோயில் யானை மாதிரி எழுந்து நிற்கும். பிரேக், ஸ்டியரிங், கியர் எல்லாவற்றுக்கும் அதே எண்ணெய்தான். அதாவது ஒரு குழாய் ஒழுகினால் மொத்த அமைச்சரவையும் ராஜினாமா. ஆரம்பத்தில் ஊற்றிய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக் குழாயைத் துருப்பிடிக்கவைத்தது. அதை விட்டுப் பச்சை எண்ணெய்க்கு மாற சிட்ரோயனுக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆனாலும் 1962இல் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலைக் கொல்ல மறைந்திருந்து சுட்டபோது, டயர் கிழிந்த நிலையிலும் அவரைத் தப்பவைத்தது இந்த டிஎஸ்தான். ஜனாதிபதி முட்டையைப் போலப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்.

டிஎஸ்ஸில் உட்காரும் இடத்துக்கு இவ்வளவு யோசித்தவர்கள் பெட்ரோல் செலவுக்கு யோசிக்கவில்லை. அதை ஹாலந்துக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். டிக்கியில் எல்பிஜி டேங்க் வைத்தார்கள். மற்ற கார் என்றால் பின்பக்கம் தொங்கிப்போகும். டிஎஸ்ஸோ எண்ணெயை ஏற்றி, ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துகொண்டது. கேஸ் மலிவு என்று துள்ளினால், கேஸ் வண்டிக்கு அரசாங்கம் சாலை வரியை ஏற்றி வைத்திருந்தது. லாபம் பார்க்க ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே ஓட்டுவது? காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் நாடே தீர்ந்துவிடும்.