ஆட்டுக்குத் தெரிஞ்சது

வாடா மாப்ள, உக்காரு. நைட் ஷிப்டு முடிச்சிக்கினு கும்மிடிப்பூண்டியில இருந்து நேரா வர்றியா? கண்ணு ரெண்டும் செம்பருத்தியாட்டம் கீது. கையில இன்னாது, எனர்ஜி டிரிங்கா? சொம்புல தண்ணி குடுத்தா மூஞ்சைச் சுளிக்கிற. தகர டப்பாவுல கலர் கலக்கிக் குடுத்தா மட்டும் கடகடன்னு இறங்குது.

சட்டைப் பையில துருத்திக்கினு கீதே, அது? இடுப்பு வலி மாத்திரையா! எத்தினி நாளா? ரெண்டு மாசமா! பேஷ், பேஷ். டாக்டர் எழுதிக் குடுத்தாரா? மெடிக்கல் ஷாப்புல நீயே கேட்டு வாங்கினியா? அப்ப டாக்டரே நீதான். ஃபீஸ் மிச்சம்.

பொணந்தின்னிக் கழுகு பாத்திருக்கியா? எங்க பாத்திருக்கப் போற, அது இருந்தாத்தான. 1990கள்லயிருந்து கொத்துக் கொத்தா செத்துச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல போயிடுச்சு. ஏன்னே ஒருத்தனுக்கும் புரியல. கடைசியில 2004ல கண்டுபிடிச்சாங்க. நோவு வந்த மாட்டுக்கு டைக்ளோபெனாக் ஊசி போட்டிருப்பாங்க. அந்த மாடு செத்ததும் கழுகு வந்து தின்னும். தின்ன கழுகுக்குக் கிட்னி போயிடும். மாட்டுக்கு அந்த மருந்தைப் போடக் கூடாதுன்னு 2006ல கவர்மெண்டு தடையே போட்டுச்சு. நீ பையில வெச்சிருக்கியே, அதே மருந்துதான். நீ கழுகு இல்ல, ஒரே நாள்ல சாக மாட்ட. ஆனா வெயில்ல, உலை முன்னாடி நின்னு, வேர்த்து வேர்த்து ஒடம்புல தண்ணி வத்தினப்ப அதைப் போட்டியானா, கிட்னிக்குப் போற ரத்தத்தை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

சிரிக்கிறியா? சிரி. நானும் இப்படித்தான் சிரிச்சேன். முட்டி வலின்னு ஒரு வருஷம் அதே மாத்திரையைத் தின்னவன்டா நான். அது போதாதுன்னு "நாட்டு மருந்து, பக்க விளைவே இல்ல"ன்னு ஒருத்தன் குடுத்த செந்தூரத்தைத் தேன்ல கொழைச்சி வேற நக்கினேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற வாய் இது. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021லயிருந்து வீட்டுக்கே பிரஷர் பாக்க வருதே, அந்தப் பொண்ணுதான் என் வண்டவாளத்தைப் பிடிச்சிது. "தாத்தா, ஒண்ணுக்கு நொரைக்குதா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு வெக்கமாப் போயிடுச்சு. நொரைக்கத்தான் செஞ்சிது. சோப்புத் தண்ணியாட்டம். வீரியம்னு நெனச்சிக்கினு இருந்தேன்.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. கிரியாட்டினின் 1.9. ஏறக்குறைய 1.2க்குள்ள இருக்கணுமாம். "பாதிக்கு மேல வேலை நின்னப்புறம்தான் தாத்தா இந்த நம்பரே ஏறும்"னு சொல்லிச்சு டாக்டர் பொண்ணு. பாத்தியா கிட்னியோட குணத்தை? ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது, அதுல ஒண்ணரை லிட்டரைத்தான் வெளிய விடுது, அம்மாம் வேலைக்கும் ஒரு முனகல் கெடையாது. நம்ம வீட்டுப் பொம்பளைங்க மாதிரி. படுத்தப்புறம்தான் தெரியும்.

அந்த டாக்டர் பொண்ணு சொன்ன கதையைக் கேளு. நாட்டு மருந்து சாப்பிட்டு ஒண்ணுக்குல புரதம் ஒழுகினவங்களை டாக்டருங்க ஆராய்ஞ்சி எழுதினாங்க. மருந்தைச் சோதிச்சா உள்ள பாதரசம். நிறுத்தினதும் பல பேருக்கு ஒழுகல் அடங்கிச்சு. கேரளாவுல கோட்டக்கல் பக்கத்து டாக்டருங்க பாத்தது இன்னும் விசேஷம். செவப்பாவுறதுக்குப் பூசுற கிரீம்லயே பாதரசம். மூஞ்சியில பூசினது மூத்திரத்துல வந்து நிக்குது. நீ கூட கண்ணாடி முன்னாடி ஏதோ ஒண்ணு தேய்ச்சிக்கினு இருந்தியே போன பொங்கலுக்கு? டப்பாவுல பேர் விலாசம் ஏதாவது போட்டிருந்துதா?

மூலிகைதான, ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லாத. நம்ம ஆரணியாத்துக் கரையில ஆடு ஓட்டின காலத்துல பாத்திருக்கேன். எல்லாப் பச்சையையும் மேயும், ஒரு கொடி பக்கத்துல போனா மட்டும் மோந்து பாத்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கும். பேரே அதான், ஆடுதீண்டாப்பாளை. அந்த வகைச் செடியில அரிஸ்டோலோக்கிக் அமிலம்னு ஒண்ணு கீது. 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ் ஊர்ல ஒடம்பு எளைக்கன்னு குடுத்த பொடியில அந்த வகைச் செடி தவறிக் கலந்துபோயி, கிட்டத்தட்ட நூறு பொம்பளைங்களுக்குக் கிட்னி கெட்டுச்சு. அப்புறம் பல பேருக்கு மூத்திரக் குழாய்ல கேன்சரும் வந்துது. ஈஸ்வரமூலியும் அதே வம்சம். என் வீட்டுப் பரண்ல பாட்டில்ல போட்டு வெச்சிருந்தேன், பாம்புக்கடிக்கு ஆகும்னு. ஆட்டுக்கு இருந்த அறிவு எனக்கில்ல.

சரி, நம்ம தப்பு பாதி. மீதி?

மீதி அந்தப் பக்கம் பொகைக்குது பாரு. ஆரணின்னா வெளியூர்க்காரன் பட்டுச்சேலைங்கறான். டேய், அது திருவண்ணாமலைப் பக்கத்து ஆரணிடா. நம்மளுது ஆத்து ஆரணி. பொன்னேரி தாண்டி பழவேற்காட்டு ஏரியில போய் விழுற ஆறு. இந்தப் பக்கம் ஏர், அந்தப் பக்கம் சிப்காட். உன் ரூம்ல ஒரு பீகார் பையன் கீறானே, பழைய பேட்டரி உருக்குற எடத்துல? ஈயம் ஒடம்புல பூந்தா எலும்புல போய் உக்காந்துக்கும், இருவது முப்பது வருஷம். அங்கேர்ந்து சொட்டுச் சொட்டா கிட்னியைத் தின்னும். அவன் அந்தக் கையோடவே சப்பாத்தி புட்டுத் திங்கிறான், அந்தச் சட்டையோடவே பாயில படுக்கிறான். நீயும் அதே பாயிலதான.

ஈய விஷம்னா அதைப் பாக்கிற டாக்டர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுதியே ஆவணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே போட்டாங்க. ஆபத்தான வேலை செய்யறவன் தன்னோட ஒடம்புப் பரிசோதனைக் கணக்கைக் கேட்டுப் பாக்கலாம்னு அப்புறம் சேத்தாங்க. நீ கேட்டியா? கேட்டா காண்ட்ராக்டர் மொறைப்பான், தெரியும். தீபாவளி போனஸ் கேட்டாலும்தான் மொறைக்கிறான், அதுக்கு மட்டும் சங்கம் சேத்துக்கினு போற இல்ல?

உன் சூடும் சும்மா இல்ல. சென்னை ராமச்சந்திரா பல்கலைக்கழகத்துக்காரங்க நம்ம தமிழ்நாட்டு உப்பளத்துல 352 பேரைச் சோதிச்சாங்க. நூத்துக்கு ஏழு பேருக்குக் கிட்னி வடிகட்டுற வேகம் கொறைஞ்சிருந்துது. உப்பளத்துப் பொம்பளைங்க தண்ணியே குடிக்கிறதில்லியாம், ஒதுங்க எடம் இல்லாம. 2023ல அரசாங்க டாக்டருங்க விவசாய வேலை செய்யறவங்க மூவாயிரத்துக்கு மேல பேரைப் பாத்தாங்க. நூத்துக்கு அஞ்சு பேருக்குக் கோளாறு. அதுல பாதிப் பேருக்கு சர்க்கரையும் இல்ல, கொதிப்பும் இல்ல. ஆந்திராவுல உத்தானம், சிலோன்ல அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம், எல்லாம் இதே கதைதான். தண்ணியா, பூச்சிமருந்தா, வெயிலான்னு இன்னும் சண்டை ஓயல. அதுக்காக நம்ம கிட்னி தீர்ப்பு வர்ற வரைக்கும் வாய்தா வாங்கிக் காத்துக்கினு இருக்குமா?

ஒரு காலத்துல வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம்னே பேர், தெரியுமா? கடன் தாங்காம வித்தாங்க. 1994ல சட்டம் போட்டுத் தடுத்தாங்க. அவங்களுக்காவது கையில கொஞ்சம் காசு வந்துது. நீ சும்மாவே குடுத்துக்கினு கீற.

பழவேற்காட்டு எறா கிலோ இன்னா வெலைன்னு கேட்டா தூக்கத்துல சொல்லுவ. பைக் எத்தினி கிலோமீட்டர் குடுக்கும், சொல்லுவ. உன் கிரியாட்டினின் எவ்ளோ? பிரஷர் எவ்ளோ? முழிக்கிற. நம்பர் தெரியாதவன் கம்பெனி கேட்டுல நின்னு "என் ஒடம்பு கெட்டுச்சு"ன்னு கத்தினா, "முன்னாடி நல்லா இருந்துதுன்னு காட்டு"ம்பான். அன்னிக்கு இன்னா காட்டுவ, எனர்ஜி டிரிங்க் டப்பாவையா?

நான் முட்டி மாத்திரையை வுட்டேன், செந்தூரத்தைத் தூக்கி எறிஞ்சேன். இப்ப 1.6ல நிக்குது. மூணு மாசத்துக்கு ஒருக்கா போறேன். ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் ரூம்ல பாக்கறேன், வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம், கையில குழாயைச் சொருவிக்கினு படுத்துக் கெடக்கறாங்க. அதுல உன் வயசுப் பையன் ரெண்டு பேர்.

நாளைக்கு உனக்கு லீவுதான? ஏழரை மணிக்கு பொன்னேரி பஸ் வரும். அந்த பீகார் பையனையும் கூட்டிக்கினு வா. ரத்தத்துல ஈயம் எவ்ளோன்னு அவனுக்குத் தனியாக் கேக்கணும், நான் கேக்கறேன். அந்த மாத்திரை அட்டையை இங்க வெச்சிட்டுப் போ. சொம்பு அங்க கீது, தண்ணி குடி.